ஒரு ரீம் கடதாசியின் கணக்கு: சந்தை அறிக்கைகளை நம்பி முதலிடலாமா?

2022 மார்ச் மாதத்தில் மேல் மாகாணப் பாடசாலைகளில் 9, 10, 11ஆம் தரங்களுக்கு நடைபெறவிருந்த தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. காரணம், வினாத்தாள் அச்சிடக் கடதாசி இல்லை. அதே மாத இறுதியில் 'த ஐலண்ட்', 'திவயின' ஆகிய பத்திரிகைகளின் சனிக்கிழமைப் பதிப்புகள் அச்சிடப்படாமல் நிறுத்தப்பட்டன. அடுத்த ஆண்டு மார்ச் 9ஆம் திகதிக்குக் குறிக்கப்பட்டிருந்த உள்ளூராட்சித் தேர்தல் தள்ளிப்போனதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில், வாக்குச்சீட்டு அச்சிடுவதற்கு அரசாங்க அச்சகத்துக்குப் பணம் கிடைக்கவில்லை என்பதும் ஒன்று. அந்தத் தேர்தல் 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது.

பரீட்சை, பத்திரிகை, தேர்தல் என மூன்றும் கடதாசியில் தங்கியிருக்கின்றன. இருந்தும், இந்த நாட்டுக்கு ஆண்டொன்றுக்கு எவ்வளவு கடதாசி தேவை, அந்தத் தேவை கூடுகிறதா குறைகிறதா என்ற கேள்விக்கு எம்மில் பலரிடம் பதில் இல்லை. அரிசிக்கும் எரிபொருளுக்கும் இருக்கின்ற கணக்கு கடதாசிக்கு இல்லை.

இந்தக் கேள்வி எமது சமூகத்துக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. கொழும்பு புறக்கோட்டை மலிபன் வீதியின் காகிதாதி மொத்த வியாபாரத்தில் எம்மவர்களுக்குக் கணிசமான பங்கு இருக்கிறது. காத்தான்குடி முதல் பேருவளை வரை, கல்முனை முதல் மாவனல்லை, புத்தளம் வரை, சந்திக்குச் சந்தி உள்ள போட்டோகொப்பிக் கடைகளில் நிறையவற்றை எமது இளைஞர்கள் நடத்துகிறார்கள். கட்டாரிலும் சவூதியிலும் பல வருடம் உழைத்துத் திரும்பும் ஒருவர் கையிலுள்ள பணத்தில் என்ன செய்யலாம் என்று யோசிக்கும்போது, 'ஏ4 கடதாசி இறக்குவோம், அது பழுதாகிற சாமான் இல்லை' என்று ஆலோசனை சொல்ல நாலு பேர் இருப்பார்கள். ஆதாரம் கேட்டால் இணையத்தில் கிடைக்கும் ஒரு சந்தை ஆய்வுச் சுருக்கத்தைத் தொலைபேசியில் காட்டுவார்கள். அதில் இரண்டு எண்கள் இருக்கும்: சந்தையின் பெறுமதி இத்தனை பில்லியன் டொலர், வருடாந்த வளர்ச்சி இத்தனை வீதம். அந்த எண்களை எப்படி வாசிக்க வேண்டும், எங்கே அவை எம்மை ஏமாற்றும், எமது நாட்டுக்கான கணக்கை எப்படிப் போடலாம் என்பதே இக்கட்டுரையின் விடயம்.

எந்தக் கடதாசியைப் பற்றிப் பேசுகிறோம்?

முதல் குழப்பம் வரைவிலக்கணத்தில் இருக்கிறது. 'கடதாசிச் சந்தை' என்று ஓர் அறிக்கை சொல்லும்போது அட்டைப்பெட்டி, ரிஷூ, பத்திரிகைத் தாள், கொப்பித் தாள், போட்டோகொப்பித் தாள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டியிருக்கலாம். உலகில் ஆண்டுதோறும் சுமார் 40 கோடி தொன் கடதாசியும் அட்டையும் உற்பத்தியாகின்றன. அதில் பாதிக்கும் மேற்பட்டது பொதி செய்வதற்கான அட்டையும் கடதாசியும்தான். ஒன்லைன் வியாபாரம் பெருகப் பெருக அந்தப் பகுதி வளர்கிறது. மறுபக்கத்தில், அச்சுக்கும் எழுத்துக்குமான கடதாசி 2000களின் நடுப்பகுதியில் உச்சத்தைத் தொட்டு, அதன் பின்னர் தேய்ந்துகொண்டிருக்கிறது. இரண்டையும் சேர்த்து 'கடதாசிச் சந்தை வளர்கிறது' என்று எழுதினால் அது பொய்யல்ல. ஆனால் ஏ4 இறக்குமதி செய்யப்போகிறவருக்கு அது வழிகாட்டவும் மாட்டாது.

சுங்கப் புள்ளிவிபரம் இந்தக் குழப்பத்தை ஓரளவு தீர்க்கும். உலக நாடுகள் பின்பற்றும் பொருட்குறியீட்டு முறையில், பூச்சு இல்லாத எழுத்து, அச்சுக் கடதாசிக்கு 4802 என்ற தலைப்பு இருக்கிறது. அதன் உள்ளே, சதுர மீற்றருக்கு 40 முதல் 150 கிராம் வரையான தாளில், உருளையாக வருவது 4802.55. ஒரு பக்கம் 435 மில்லிமீற்றருக்கும் மறுபக்கம் 297 மில்லிமீற்றருக்கும் மேற்படாத வெட்டிய தாள் 4802.56. எமது ஏ4 தாள் இந்த இரண்டாவது இலக்கத்தில் வருகிறது. ஆகவே இலங்கைக்கு எவ்வளவு அலுவலகத் தாள் வருகிறது என்று தேடுகிறவர் முதலில் பார்க்க வேண்டிய எண் இதுதான்.

ஆனால் அதுவும் முழுக் கதையைச் சொல்லாது. உருளையாக வந்து உள்நாட்டில் வெட்டப்படும் தாள் 4802.55இல் கணக்காகும். அதே இலக்கத்தில்தான் பாடசாலைக் கொப்பிகளுக்கான உருளைகளும் வரும். அதோடு, ஒரு வருடத்தில் இறங்கிய தொகை அந்த வருடத்தில் பாவிக்கப்பட்ட தொகையல்ல. விலை ஏறப்போகிறது என்று வியாபாரிகள் பயந்தால் களஞ்சியத்தை நிரப்பிக்கொள்வார்கள். அந்த வருடம் இறக்குமதி கூடி, அடுத்த வருடம் குறையும். சந்தை ஆட்டம் காணாமலேயே எண்கள் ஆடும். ஆகையால் ஒரு வருட எண்ணை வைத்து முடிவெடுக்காமல், குறைந்தது நான்கைந்து வருடங்களின் சராசரியைப் பார்ப்பதே அறிவுடைமை.

தொன்னை ரீமாக மாற்றுதல்

சுங்கம் தொன்னில் பேசும். கடைக்காரர் ரீமில் பேசுவார். இரண்டுக்கும் இடையிலான பாலம் மிக எளிது. ஏ4 தாளின் பரப்பு ஒரு சதுர மீற்றரின் பதினாறில் ஒன்று. 80 ஜி.எஸ்.எம். தாள் என்றால் சதுர மீற்றருக்கு 80 கிராம்; ஆகவே ஒரு தாளின் நிறை 5 கிராம். 500 தாள் கொண்ட ஒரு ரீம் 2.5 கிலோ. ஐந்து ரீம் கொண்ட ஒரு பெட்டி 12.5 கிலோ. ஒரு தொன்னில் 400 ரீம், அதாவது இரண்டு இலட்சம் தாள்கள். சுமார் 20 தொன் ஏற்றிய ஒரு கொள்கலனில் 8,000 ரீம் இருக்கும்.

இந்தக் கணக்குக்கு இன்னொரு பயனும் உண்டு. 70 ஜி.எஸ்.எம். தாளின் ஒரு ரீம் ஏறத்தாழ 2.19 கிலோ மட்டுமே. உறையில் 80 என்று எழுதி உள்ளே 70 வைத்தால் வாங்குபவர் எட்டில் ஒரு பங்கை இழக்கிறார். கடைத் தராசில் ஒரு ரீமை வைத்துப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். அளவையிலும் நிறுவையிலும் குறை செய்வோரைக் கண்டிப்பதற்கென்றே ஓர் அத்தியாயம் தொடங்கும் வேதத்தைக் கையில் வைத்திருக்கும் சமூகத்துக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. பள்ளிவாசலுக்கோ மத்ரஸாவுக்கோ மொத்தமாகக் கடதாசி வாங்கும் நிருவாகிகள் விலையை மட்டும் விசாரிக்காமல், நிறையையும் தாள் எண்ணிக்கையையும் பார்த்து வாங்குவது அமானிதத்தின் பாற்பட்டது.

'ரீம்' என்ற சொல்லே அரபியிலிருந்து வந்தது என்பதையும் இவ்விடத்தில் சொல்லலாம். கட்டு என்று பொருள்படும் 'ரிஸ்மா' ஸ்பெயின் வழியாக ஐரோப்பாவுக்குப் போய் ரீம் ஆனது. சமர்கந்திலும் பின்னர் பக்தாதிலும் கடதாசி செய்து, எட்டாம் நூற்றாண்டிலிருந்து அதை மேற்கு நோக்கிக் கொண்டுசென்றவர்கள் முஸ்லிம்கள். எமது நாட்டில் அறிஞர் சித்தி லெப்பை 1882இல் கண்டியிலிருந்து 'முஸ்லிம் நேசன்' வெளியிட்டு எமது அச்சுப் பண்பாட்டுக்கு அடித்தளமிட்டார். கடதாசி எமக்கு வெறும் வியாபாரப் பொருளாக ஒருபோதும் இருந்ததில்லை.

பெறுமதி கூடினால் சந்தை வளர்ந்ததா?

இரண்டாவது குழப்பம் பெறுமதிக்கும் அளவுக்கும் இடையிலானது. 2022 மார்ச் தொடக்கம் வரை ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாவில் கட்டிவைக்கப்பட்டிருந்தது. மே மாதமாகும்போது அது 360 ரூபாவைத் தொட்டது. ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தொன் தாள் துறைமுகத்தில் 1,000 டொலர் என்று வைத்துக்கொள்வோம். பழைய மாற்று விகிதத்தில் அது 2 இலட்சம் ரூபா. ரீமுக்கு 500 ரூபா. புதிய விகிதத்தில் 3 இலட்சத்து 60 ஆயிரம் ரூபா. ரீமுக்கு 900 ரூபா. வரி, கூலி, இலாபம் எதுவும் இன்னும் சேரவில்லை.

இப்போது, ஒரு நிறுவனம் முன்னர் 1,000 தொன் விற்றது, விலையேற்றத்தால் 700 தொன்னாகக் குறைந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அளவில் 30 வீத வீழ்ச்சி. ரூபாவிலோ 20 கோடி இருந்த இடத்தில் 25 கோடியே 20 இலட்சம். 26 வீத 'வளர்ச்சி'. அறிக்கை எழுதுகிறவர் ரூபாவை எடுத்தால் சந்தை செழிக்கிறது. தொன்னை எடுத்தால் சந்தை சுருங்குகிறது. இரண்டுமே ஒரே கடையின் கதை. வாடிக்கையாளர் வராமல் கடையில் குந்தியிருப்பவருக்கு எது உண்மை என்று தெரியும்.

மூன்றாவது குழப்பம் தொடக்க ஆண்டில் ஒளிந்திருக்கிறது. வருடாந்த சராசரி வளர்ச்சி விகிதம் என்று அறிக்கைகள் தரும் எண், எந்த வருடத்திலிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்தது. மீண்டும் ஓர் உதாரணம்: 2019இல் 100 ஆக இருந்த பாவனை 2022இல் 60 ஆக விழுந்து, 2025இல் 80 ஆக ஏறியது என்று வைப்போம். 2022இலிருந்து எண்ணினால் வருடத்துக்குச் சுமார் 10 வீத வளர்ச்சி. 2019இலிருந்து எண்ணினால் வருடத்துக்குச் சுமார் 3.6 வீதத் தேய்வு. நோயாளி கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்ததை ஓட்டப் பந்தயத்தில் வென்றதாகச் சொல்வது போன்றது முதலாவது கணக்கு. கொரோனா வருடமான 2020ஐயோ நெருக்கடி வருடமான 2022ஐயோ தொடக்கமாக வைத்த எந்த அறிக்கையையும் எச்சரிக்கையோடு அணுக வேண்டும்.

விலை எங்கே தீர்மானிக்கப்படுகிறது?

2022இல் எமக்குக் கடதாசி இல்லாமல் போனதற்கு டொலர் பற்றாக்குறையே முதற்காரணம். வங்கிகளில் கடன் கடிதம் திறக்க முடியவில்லை. ஆனால் அதே வேளையில் உலகச் சந்தையிலும் தட்டுப்பாடு இருந்தது. பின்லாந்தின் யு.பி.எம். நிறுவன ஆலைகளில் 2022 ஜனவரி முதலாம் திகதி தொடங்கிய வேலைநிறுத்தம் ஏப்ரல் வரை 112 நாட்கள் நீடித்தது. அதற்கு முந்திய வருடம், அலுவலகத் தாள் தயாரித்து வந்த வெய்ட்சிலுவோட்டோ ஆலையை ஸ்டோரா என்சோ நிறுவனம் நிரந்தரமாக மூடியது. கடல்வழிக் கூலி கொரோனாவின் பின்னர் பல மடங்காகியிருந்தது. உக்ரைன் யுத்தம் எரிசக்தி விலையைத் தூக்கியது.

மேற்கு நாடுகளில் ஆலைகள் மூடப்படுவது ஏன் என்று பார்த்தால் முக்கியமான பாடம் ஒன்று கிடைக்கும். தேவை குறைகிறது; அதனால் ஆலைகள் மூடப்படுகின்றன; ஆலைகள் குறைந்ததும் சிறு அதிர்ச்சி வந்தாலும் விலை பாய்கிறது. தேய்கின்ற சந்தையில் பொருள் மலிவாகும் என்று நினைப்பது தவறு. தேய்ந்துகொண்டே விலையும் ஏறலாம்.

எமது சந்தைக்கு இந்தோனேசியாவும் இந்தியாவும் தாய்லாந்தும் நெருக்கமான உற்பத்தி நாடுகள். இவர்களின் தாள் பெரிய சந்தைகளில் அடிக்கடி தடையைச் சந்திக்கிறது. 2016இல் அமெரிக்கா, இந்தோனேசியா உட்பட ஐந்து நாடுகளின் தாளுக்குக் குவிப்புத் தடுப்பு வரி போட்டது. 2017இல் அவுஸ்திரேலியா, ஏ4 தாளுக்கே குறிப்பாக, இந்தோனேசியா, தாய்லாந்து, சீனா, பிரேசில் மீது வரி விதித்தது. அதை எதிர்த்து இந்தோனேசியா உலக வர்த்தக அமைப்புக்குப் போய் 2019இல் சாதகமான தீர்ப்பைப் பெற்றது. பெரிய கதவு மூடப்படும்போது சரக்கு சிறிய கதவுகளைத் தேடும். அப்போது எமக்கு மலிவாகக் கிடைக்கலாம். கதவு திறந்ததும் அந்த மலிவு போய்விடும். ஒரு வருட மலிவை நம்பி ஐந்து வருடத் திட்டம் போடுவது ஆபத்தானது.

இதன்மேல் எமது வரி. 2022 மே மாத இறுதி வரை 8 வீதமாக இருந்த வற் வரி, ஜூனில் 12, செப்டம்பரில் 15, 2024 ஜனவரியில் 18 வீதம் என ஏறியது. 2022 ஒக்டோபரில் 2.5 வீத சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரியும் வந்து சேர்ந்தது. ஆயிரம் ரூபாப் பெறுமதியான பொருளுக்கு 80 ரூபாவாக இருந்த வற் இன்று 180 ரூபா. டொலர் 300 ரூபா அளவுக்கு இறங்கி வந்தும் தாளின் விலை பழைய இடத்துக்கு ஏன் திரும்பவில்லை என்று கேட்பவர்களுக்கு இதுவும் ஒரு பதில்.

கீழிருந்து மேலாக எண்ணுதல்

அறிக்கைகள் மேலிருந்து கீழாகக் கணக்கிடும். உலகச் சந்தை இவ்வளவு, ஆசியாவின் பங்கு இவ்வளவு, இலங்கையின் பங்கு இவ்வளவு என்று பிரித்துக்கொண்டே வரும். இலங்கை போன்ற சிறிய நாட்டை வந்தடையும்போது அந்த எண்ணில் ஊகமே மிஞ்சும். அதைவிட, யார் பாவிக்கிறார்கள் என்று கீழிருந்து எண்ணிவிட்டு, சுங்கத் தொகையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே நம்பகமான வழி.

பாடசாலையை எடுப்போம். நாட்டில் 10,000க்கும் மேற்பட்ட அரச பாடசாலைகளும் சுமார் 40 இலட்சம் மாணவர்களும் இருக்கிறார்கள். ஒரு மாணவருக்கு ஒன்பது பாடம், ஒரு பாடத்துக்கு இரண்டு தாள், வருடத்துக்கு மூன்று தவணை என்று எடுத்தால் 54 தாள். 40 இலட்சத்தால் பெருக்கினால் 21 கோடியே 60 இலட்சம் தாள், 80 ஜி.எஸ்.எம். நிறையில் 1,080 தொன். இது மேல் எல்லை. ஆரம்ப வகுப்புகளுக்குப் பாடங்கள் குறைவு. பல பாடசாலைகள் ரிசோ இயந்திரத்தில் மெல்லிய தாளிலேயே வினாத்தாள் அடிக்கின்றன. ஆனால் இந்தக் கணக்கின் பயன் அதன் துல்லியத்தில் இல்லை. மூன்று தவணைப் பரீட்சையை ஒன்றாகக் குறைக்கக் கல்வி அதிகாரிகள் தீர்மானித்தால், ஒரே சுற்றறிக்கையில் இந்தத் தொகை 360 தொன்னாகிவிடும் என்பதை அது காட்டுகிறது. 720 தொன் என்பது 36 கொள்கலன். எந்த வளர்ச்சி விகிதமும் இதை முன்கூட்டிச் சொல்லாது. சந்தையைப் படிப்பவர் கல்வி அமைச்சின் தீர்மானங்களைப் படிக்க வேண்டும்.

பாடசாலைக்கு வெளியே ரியூஷன் வகுப்பு இருக்கிறது. க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்கு ஆண்டுதோறும் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் தோற்றுகிறார்கள். புலமைப்பரிசில் பரீட்சைக்கும் ஏறக்குறைய அதே தொகை. இவர்களுக்கான டியூட், மாதிரி வினாத்தாள், கடந்தகால வினாத்தாள் எல்லாம் ஏ4 தாளில்தான். கொரோனாவின் பின்னர் ஆசிரியர்கள் வட்ஸ்அப்பில் பி.டி.எப். அனுப்புவது வழக்கமாகிவிட்டது. முன்னர் பாடசாலை செலவழித்து அச்சிட்டதை இப்போது உம்மாமார் கடைக்குக் கொண்டுபோய்ப் பக்கத்துக்குப் பணம் கொடுத்து எடுக்கிறார்கள். டிஜிட்டல் வந்ததால் கடதாசி குறையவில்லை; அதன் செலவு பாடசாலையிலிருந்து வீட்டுக்கு இடம்மாறியது. மூன்று பிள்ளைகள் படிக்கும் ஒரு நாட்கூலிக் குடும்பத்தில் இது சின்ன விடயமல்ல.

அலுவலகத்தில் நிலைமை வேறு. 2025 பெப்ரவரியில் அரசாங்கம் 'கவ்பே' என்ற இணையக் கொடுப்பனவுத் தளத்தை ஆரம்பித்தது. வங்கி அறிக்கைகளும் பட்டியல்களும் மின்னஞ்சலுக்கும் குறுஞ்செய்திக்கும் போகின்றன. படிவமும் பற்றுச்சீட்டும் பிரதியும் குறையும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பிரதேச செயலகத்தில் ஒரு வேலைக்குப் போனவருக்குத் தெரியும், அடையாள அட்டையின் போட்டோகொப்பி இன்றும் கேட்கப்படுகிறது என்று. அரச அலுவலகத்தின் கடதாசிப் பழக்கம் மெதுவாகத்தான் மாறும். ஆனால் மாறத் தொடங்கினால், பெரிய தொகையில் மாறும்.

எமது சமூகப் பாவனையிலும் இதே இரட்டைப் போக்கைக் காணலாம். ஜனாஸா அறிவித்தல் வட்ஸ்அப்புக்குப் போய்விட்டது. கல்யாண அழைப்பிதழும் பெரும்பாலும் படமாகவே வருகிறது. ஆனால் ரமழான் நேர அட்டவணை இன்றும் அச்சாகிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டப்படுகிறது. அஹதிய்யா, மத்ரஸாப் பரீட்சைகள் தாளில்தான் நடக்கின்றன. வக்பு, காணி, நிகாஹ், கொடுக்கல் வாங்கல் ஆவணங்கள் தாளில் இருப்பதே இன்னும் பாதுகாப்பு. கடனை எழுதிக்கொள்ளும்படி கட்டளையிடும் அல்பகராவின் 282ஆம் வசனத்தை ஓதும் எமக்கு ஆவணத்தின் பெறுமதி தெரியும்.

ஆக, கீழிருந்து எண்ணும்போது கிடைக்கும் சித்திரம் இது: அலுவலகப் பகுதி தேய்கிறது, கல்விப் பகுதி தாங்கிப் பிடிக்கிறது, இரண்டும் சேர்ந்து பெரிய வளர்ச்சியைத் தராது. 2022இன் பள்ளத்திலிருந்து ஏறி வந்ததைக் கழித்துவிட்டுப் பார்த்தால், இது வளரும் சந்தை என்பதைவிட நிலைத்து நிற்கப் போராடும் சந்தை என்பதே பொருத்தம்.

வாழைச்சேனை ஆலை பதிலாகுமா?

கடதாசி என்றதும் கிழக்கிலுள்ளவர்களுக்கு வாழைச்சேனை நினைவுக்கு வரும். ஜீ.ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில் வித்திடப்பட்டு, 1956இல் இயங்கத் தொடங்கிய அந்த ஆலை மட்டக்களப்பு வயல்களின் வைக்கோலைக் கடதாசியாக்கியது. ஓட்டமாவடி, வாழைச்சேனை, கல்குடாப் பகுதிக் குடும்பங்கள் பலவற்றுக்கு அதுவே சோறு போட்டது. யுத்தமும் பழுதடைந்த இயந்திரங்களும் முதலீடின்மையும் அதை முடக்கின. மீள இயக்கும் வாக்குறுதிகளைத் தேர்தலுக்குத் தேர்தல் கேட்டுவருகிறோம்.

உணர்வை ஒருபக்கம் வைத்து அளவைப் பார்ப்போம். கரும்புச் சக்கையிலிருந்து கடதாசி செய்யும் தமிழ்நாட்டின் டி.என்.பி.எல். ஆலை ஆண்டுக்குச் சுமார் 4 இலட்சம் தொன் அச்சு, எழுத்துத் தாள் தயாரிக்கும் கொள்ளளவு கொண்டது. எமது நாட்டுத் தவணைப் பரீட்சைகள் அனைத்துக்கும் மேல் எல்லையாக நாம் கண்ட 1,080 தொன்னை அத்தகைய ஆலை ஒரே நாளில் செய்துவிடும். அந்தப் பருமனோடு வெள்ளைத் தாளில் போட்டியிட வாழைச்சேனையால் முடியாது. அதேவேளை, நாட்டில் குவியும் பழைய கொப்பிகளையும் பத்திரிகைகளையும் அட்டைப் பெட்டிகளையும் மீள்சுழற்சி செய்து பொதி அட்டை தயாரிப்பதற்கு இடமிருக்கிறது. முன்னர் பார்த்ததுபோல உலகில் வளரும் பகுதியும் அதுதான். ஏ4 தயாரிப்போம் என்று மேடையில் சொல்வது கைதட்டல் வாங்கும். அட்டை தயாரிப்போம் என்பதே அந்தப் பகுதி இளைஞர்களுக்கு வேலை தரக்கூடிய திட்டம்.

என்ன செய்யலாம்?

தனிப்பட்ட முதலீட்டாளருக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான். நாளொன்றுக்கு 1,000 தாள் ஓடும் ஒரு போட்டோகொப்பிக் கடை, மாதத்தில் 25 நாள் திறந்தால், 50 ரீம் பாவிக்கும், வருடத்துக்கு 1.5 தொன். ஒரு கொள்கலன் இறக்கினால் அப்படியான 13 கடைகளின் ஒரு வருடத் தேவையை நீங்கள் சுமக்கிறீர்கள். அந்த 13 கடைக்காரர்களும் யார், இப்போது யாரிடம் வாங்குகிறார்கள், எத்தனை நாள் கடனுக்கு வாங்குகிறார்கள் என்று எழுதிவைக்க முடியாவிட்டால் கொள்கலனைப் பற்றி யோசிக்க வேண்டாம். 'பழுதாகிற சாமான் இல்லை' என்பதும் சரியல்ல. கடதாசி ஈரத்தை உறிஞ்சும். கரையோர ஈரப்பதத்தில் நாள்பட்ட தாள் வளைந்து இயந்திரத்தில் சிக்கும். ஒருமுறை சிக்கிய தாளை வாடிக்கையாளர் மறுமுறை வாங்கமாட்டார். வங்கியின் முராபஹா வசதியில் வாங்கிய சரக்கென்றால், களஞ்சியத்தில் தேங்கிக் கிடந்தாலும் தவணை நிற்காது. ஒட்டகத்தைக் கட்டிய பின்னர்தான் தவக்குல்.

அடுத்து, கூட்டுக் கொள்வனவு. ஓர் ஊரிலுள்ள பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள், மத்ரஸாக்கள், பள்ளிவாசல்கள் வருடத்துக்கு எத்தனை ரீம் பாவிக்கின்றன என்று பள்ளிவாசல் சம்மேளனம் ஒரு தாளில் எழுதினாலே ஊரின் சந்தை அளவு தெரிந்துவிடும். அதைச் சேர்த்து ஒரே தடவையில் கேள்விப்பத்திரம் கோரினால் விலையும் குறையும், தரமும் பரிசோதிக்கப்படும். ஸகாத், ஸதகா நிதியிலிருந்து வறிய மாணவர்களுக்குக் கொப்பி கொடுக்கும் அமைப்புகள், பரீட்சைக் காலத்தில் இலவசமாக அச்சிட்டுக் கொடுக்கும் ஓர் ஏற்பாட்டையும் யோசிக்கலாம். இன்று பிள்ளைகளின் தேவை அங்கேதான் நகர்ந்திருக்கிறது.

மூன்றாவது, அரசாங்கத்திடம் கேட்க வேண்டியவை. 2023ஆம் கல்வியாண்டின் பாடநூல்களில் ஒரு கணிசமான பகுதி இந்தியக் கடனுதவியில் தருவிக்கப்பட்ட கடதாசியிலேயே அச்சானது. அடுத்த நெருக்கடியிலும் அயலவர் கைகொடுப்பார் என்று இருக்க முடியாது. தேசியப் பரீட்சைகளுக்கும் பாடநூலுக்கும் தேவையான தாளில் சில மாதக் கையிருப்பை நிரந்தரமாகப் பேணுவது, எரிபொருள் கையிருப்போடு ஒப்பிட்டால் மிகச் சிறிய செலவு. 4802.55, 4802.56 ஆகிய இலக்கங்களின் மாதாந்தத் தொகையையும் பெறுமதியையும் எல்லோரும் வாசிக்கக்கூடியவாறு மூன்று மொழிகளிலும் வெளியிடுவதற்குச் செலவே இல்லை. பெரிய இறக்குமதியாளர் பணம் கொடுத்துத் தகவல் வாங்கிக்கொள்வார். சிறிய கடைக்காரர் வதந்தியை நம்புவார். கல்விக்கான தாளுக்கு வற் வரியில் சலுகை கேட்பதும் நியாயமானதே. ஆனால் கொப்பிக்கும் பாடசாலைத் தேவைக்கும் போகும் தாளை அலுவலகத் தாளிலிருந்து பிரித்து அடையாளம் காணும் முறையோடு சேர்த்துக் கேட்டால்தான் அந்தச் சலுகை பிள்ளைகளைச் சென்றடையும். இல்லாவிட்டால் இடையிலுள்ளவர்களின் பையிலேயே தங்கிவிடும்.

சந்தை ஆய்வு என்பது பல ஆயிரம் டொலர் கொடுத்து வாங்கும் அறிக்கையில் மட்டும் இருப்பதல்ல. சுங்கத்தின் எண், கடையின் தராசு, பாடசாலையின் பரீட்சை அட்டவணை, நாலு கடைக்காரர்களின் கணக்குப் புத்தகம் ஆகியவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கும் பொறுமைதான் அது. பரம்பரை பரம்பரையாக வியாபாரம் செய்துவரும் சமூகம் நாம். ஒருவரது பத்து வருட வெளிநாட்டு உழைப்பு ஒரு கொள்கலனில் அடங்கிவிடும் என்பதால், அதை இறக்குவதற்கு முன்னர் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்ப்பது அவருக்கும் அவரை நம்பியிருக்கும் குடும்பத்துக்கும் நாம் செய்ய வேண்டிய கடமை.